விளம்பரத்துக்குப் பின்னால் இருக்கும் பணம்: மூளைப் படிமவியலில் போஸ்ட்டாக் இடங்கள் எப்படி உருவாகின்றன?

முனைவர் பட்டம் முடித்தவர்கள் ஆய்வு செய்ய ஐரோப்பிய ஒன்றியம் தரும் மேரி கியூரி போஸ்ட்டாக் ஃபெல்லோஷிப்புக்கு 2024இல் 10,360 விண்ணப்பங்கள் வந்தன. 2025 செப்டம்பரில் அது 17,058 ஆகிவிட்டது. இன்னொரு பக்கம், மூளை ஆய்வுக்கென்றே அமெரிக்கா 2013இல் தொடங்கிய பிரெய்ன் இனிஷியேட்டிவ் திட்டத்துக்கு 2023இல் கிடைத்தது 68 கோடி டாலர். 2024இல் 40.2 கோடி, 2025இல் 32.1 கோடி என்று அது இறங்கியது.

இந்தச் செய்திகளைப் படித்துவிட்டு, மூளையைப் படமெடுத்து ஆராயும் மூளைப் படிமவியல், அதாவது மூளை இமேஜிங், துறையின் வேலைப் பக்கங்களைத் திறந்தால் குழப்பம் கூடும். விளம்பரங்கள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. ஆனால் நாற்பது இடங்களுக்கு விண்ணப்பித்தவருக்கு இரண்டு பதில்கள்கூட வருவதில்லை. பணம் குறைந்தால் விளம்பரமும் குறைய வேண்டாமா? விளம்பரம் கொடுத்தால் ஆள் எடுக்க வேண்டாமா? இதற்கு விடை தேட, ஒரு போஸ்ட்டாக் இடம் எங்கிருந்து வருகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

## சம்பளம் யாருடைய பையிலிருந்து வருகிறது?

முனைவர் பட்டம் முடித்தவர் மூத்த ஆய்வாளர் ஒருவரின் ஆய்வகத்தில் சில ஆண்டுகள் செய்யும் தற்காலிக ஆய்வு வேலைதான் போஸ்ட்டாக். ஆய்வகத்தை நடத்துபவரை பி.ஐ., அதாவது முதன்மை ஆய்வாளர், என்பார்கள். சம்பளச் சீட்டில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும். பணம் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தினுடையதாக இருக்காது. அது மூன்று வழிகளில் வருகிறது.

1. பி.ஐ.யின் கிராண்ட். ஆய்வகத் தலைவர் ஒரு திட்டம் எழுதி அரசு அமைப்பிடமோ அறக்கட்டளையிடமோ வாங்கிய பணம். அந்தத் திட்டத்தின் பட்ஜெட்டில் "போஸ்ட்டாக் ஒருவர், 12 மாதம்" என்று ஒரு வரி இருக்கும். அந்த வரிதான் வேலை. தலைப்பு, இலக்குகள், முடியும் தேதி எல்லாம் நீங்கள் வருவதற்கு முன்பே எழுதப்பட்டுவிட்டன.

2. உங்கள் பெயரில் வரும் ஃபெல்லோஷிப். திட்டத்தை நீங்கள் எழுதுகிறீர்கள், பணம் உங்கள் பெயரில் வருகிறது, பி.ஐ. இடம் மட்டும் கொடுக்கிறார். சுதந்திரம் அதிகம், போட்டியும் அதிகம். விண்ணப்பித்ததிலிருந்து வேலையில் சேரும்வரை ஒரு வருடம்கூட ஆகலாம்.

3. நிறுவனத்தின் பணம். பயிற்சித் திட்டங்கள், ஆய்வு மையங்களின் நிரந்தர நிதி போன்றவை. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களின், அதாவது என்ஐஎச்சின், சொந்த ஆய்வகங்கள் இந்த வகை. ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனங்களும் பெரும்பாலும் இப்படித்தான் இயங்குகின்றன.

முதல் வகையில்தான் பெரும்பாலான இடங்கள் பிறக்கின்றன. அங்கே இடம் உருவாவது கிராண்ட் கிடைத்த அன்று. விளம்பரம் வருவது அதற்குப் பல வாரங்கள் கழித்து, சில சமயம் ஆள் முடிவான பிறகு. பல நிறுவனங்களில் விளம்பரம் கொடுக்காமல் யாரையும் எடுக்க முடியாது என்று விதி இருக்கிறது. ஆக, மாநாட்டில் பேசி முடிவான ஒருவருக்காகவும் விளம்பரம் வரும். கிராண்ட் வரும் என்ற நம்பிக்கையில் முன்கூட்டியே ஆள் தேடும் விளம்பரமும் வரும். உண்மையிலேயே ஆள் இல்லாமல் தவிக்கும் ஆய்வகமும் அதே நடையில்தான் விளம்பரம் எழுதும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மூன்றும் ஒன்றுபோலவே தெரியும்.

செய்திகளில் வரும் நிதிக் குழப்பம் இங்கேதான் இடிக்கிறது. ஆய்வு நிதியோடு சேர்த்து, கட்டடம், நிர்வாகம் போன்றவற்றுக்காகப் பல்கலைக்கழகத்துக்குத் தரப்படும் மறைமுகச் செலவுத் தொகைக்கு 15 சதவீத உச்சவரம்பு வைப்பதாக என்ஐஎச் 2025 பிப்ரவரியில் அறிவித்தது. நீதிமன்றம் அதைத் தடுத்தது. அதே ஆண்டில், பல வருடத் திட்டங்களுக்கு மொத்தப் பணத்தையும் முதலிலேயே ஒதுக்கும் முறையை அதிக அளவில் கொண்டுவந்தார்கள். மொத்த நிதி மாறாவிட்டாலும், ஒவ்வொன்றுக்கும் ஐந்து வருடப் பணத்தை இப்போதே எடுத்து வைத்தால் புதிய கிராண்ட்களின் எண்ணிக்கை குறையும். பி.ஐ.க்கு வரவேண்டிய அடுத்த கிராண்ட் வருமா என்று தெரியாதபோது, இருக்கிற பணத்தில் இருக்கிற ஆளை நீட்டிப்பாரே தவிர, புது ஆளை எடுக்கத் தயங்குவார். பதில் வராத மின்னஞ்சல்களில் ஒரு பங்குக்குக் காரணம் இந்தத் தயக்கம்தான்.

## "மூளை இமேஜிங்" என்று ஒரு துறை இல்லை

விண்ணப்பிப்பவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. வெளியே ஒரே பெயரில் தெரியும் துறைக்குள் ஒன்றோடொன்று அதிகம் பேசிக்கொள்ளாத நான்கைந்து சந்தைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் தட்டுப்பாடு வேறு.

கருவியையும் சிக்னலையும் உருவாக்குபவர்கள். எம்.ஆர்.ஐ. இயந்திரம் எந்த நொடியில் எந்த ரேடியோ அலையை அனுப்பி, எந்தக் காந்தச் சரிவை இயக்கி, எப்போது சிக்னலைப் பிடிக்க வேண்டும் என்ற கட்டளைத் தொகுப்புக்குப் பெயர் பல்ஸ் சீக்வென்ஸ். இதை எழுதத் தெரிந்தவர்கள் உலகத்திலேயே கொஞ்சம் பேர்தான். சீமென்ஸ், ஜிஇ, பிலிப்ஸ் மூன்றும் தனித்தனி நிரல் சூழல்களை வைத்திருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்த நிறுவனத்தோடு ஆய்வு ஒப்பந்தம் வேண்டும். ஒப்பந்தம் இல்லாத இடத்தில் படித்தவருக்கு அதைத் தொடவே வாய்ப்பு இருந்திருக்காது. இந்தச் சுவரில் ஓட்டை போட்டது பல்ஸெக் என்ற திறந்த மூலக் கருவி. இதில் எழுதிய சீக்வென்ஸைப் பல நிறுவன இயந்திரங்களில் ஓட்டலாம்.

வேலை இரண்டு முனைகளிலும் இருக்கிறது. ஒரு முனையில் பிரான்ஸின் நியூரோஸ்பின் மையத்தின் 11.7 டெஸ்லா காந்தம் (டெஸ்லா என்பது காந்தப் புல வலிமையின் அலகு). அதில் எடுத்த மனித மூளையின் முதல் படங்கள் 2024இல் வெளியாயின. மறுமுனையில் 0.064 டெஸ்லாவில், நோயாளியின் கட்டிலுக்கே தள்ளிக்கொண்டு போகும் சிறிய இயந்திரம். இரண்டு இடத்திலும் தேடப்படுவது இயற்பியலும் மின் பொறியியலும் தெரிந்த ஆள். மூளையைப் பற்றி அதிகம் தெரியவில்லை என்பது இவர்களுக்குக் குறையே இல்லை.

மனித மூளைத் தரவை ஆராய்பவர்கள். விண்ணப்பங்கள் வந்து குவிவது இங்கே. ஆக்ஸிஜன் அளவால் ரத்தத்தின் காந்தத் தன்மை மாறுவதை வைத்து மூளைச் செயல்பாட்டைப் பார்க்கலாம் என்று சேய்ஜி ஒகாவா 1990இல் காட்டினார். அதிலிருந்து வளர்ந்த செயல்பாட்டு எம்.ஆர்.ஐ.யில் இன்று எஸ்பிஎம், எஃப்எஸ்எல், ஃப்ரீசர்ஃபர், எஃப்எம்ஆர்ஐப்ரெப் போன்ற பகுப்பாய்வு மென்பொருள்கள் எல்லாம் இலவசம். ஆயிரக்கணக்கானோரின் தரவும் ஆய்வாளர்களுக்குக் கிடைக்கிறது. அதாவது, ஸ்கேனர் இல்லாத ஊரிலிருந்தும் ஒரு நல்ல கட்டுரை எழுதிவிடலாம். நுழைவது எளிது என்பதால்தான் நெரிசல். "எஃப்எஸ்எல் தெரியும்" என்பது பதினைந்து ஆண்டுகளுக்கு முன் தகுதி; இன்று அதை எழுதாவிட்டால்தான் கவனிப்பார்கள்.

இந்தச் சந்தையின் போக்கை மாற்றிய ஒரு கட்டுரையைச் சொல்ல வேண்டும். மூளையின் அளவீடுகளுக்கும் மனிதரின் குணம், திறன் போன்றவற்றுக்கும் உள்ள தொடர்பை நம்பகமாகக் கண்டுபிடிக்க ஆயிரக்கணக்கான பேர் வேண்டும் என்று மாரெக்கும் சகாக்களும் 2022இல் நேச்சர் இதழில் காட்டினார்கள். இருபத்தைந்து பேரை ஸ்கேன் செய்து தொடர்பு கண்டுபிடிக்கும் பாணிக்கு அதன்பின் மதிப்பு இறங்கிவிட்டது. ஆய்வகங்கள் இரண்டு திசையில் பிரிந்தன. ஒன்று, பெரும் தொகுப்புகள்: பிரிட்டனின் மருத்துவத் தரவுத் தொகுப்பான யுகே பயோபேங்க் 2025இல் தன் ஒரு லட்சமாவது நபரின் ஸ்கேனை முடித்தது. இன்னொன்று, மிகச் சிலரை மணிக்கணக்கில் திரும்பத் திரும்ப ஸ்கேன் செய்வது. முதல் வகை ஆய்வகத்துக்குத் பெரும் தரவைத் தானாகப் படிப்படியாகச் செயலாக்கும் நிரல் வரிசையை (பைப்லைன்) அமைக்கத் தெரிந்தவர் வேண்டும், இரண்டாவதுக்குப் பரிசோதனையை நுணுக்கமாக வடிவமைப்பவர் வேண்டும். நீங்கள் எந்தப் பக்கம் என்று கவர் லெட்டரின் முதல் பத்தியில் தெரிய வேண்டும்.

விலங்கு மூளையை நுண்ணோக்கியில் பார்ப்பவர்கள். உயிருள்ள திசுவின் ஆழத்தைப் பார்க்க உதவும் இரு ஃபோட்டான் நுண்ணோக்கி 1990இல் வந்தது. கால்சியம் ஏறும்போது ஒளிரும் ஜிகேம்ப் புரதங்கள் 2001க்குப் பின் படிப்படியாக மேம்பட்டு, உயிருள்ள எலியின் நூற்றுக்கணக்கான நரம்பணுக்கள் ஒரே நேரத்தில் மின்னுவதைப் பார்க்க வைத்தன. இங்கே அளவுகோல் கைத்திறன். எலியின் மண்டையோட்டில் சிறு ஜன்னல் வைத்து, தொற்று இல்லாமல் ஆறவிட்டு, அதற்கு ஒரு பணியைப் பல வாரங்கள் பழக்கி, அப்புறம்தான் முதல் தரவு. அதனால் இந்த ஆய்வகங்களில் போஸ்ட்டாக் இரண்டு வருடத்தில் முடிவதில்லை. நான்கு, ஐந்து என்று இழுக்கும். இரண்டு வருட ஒப்பந்தத்தோடு எலி ஆய்வகத்துக்குப் போகிறவர், மூன்றாம் வருடப் பணம் எங்கிருந்து வரும் என்று முதல் நாளே கேட்டாக வேண்டும்.

பெட் ஸ்கேன் வேதியியலாளர்கள். கதிரியக்க அணு சேர்த்த மருந்தை உடலில் செலுத்தி, அது எங்கே சேர்கிறது என்று படமெடுப்பது பெட் ஸ்கேன். அளவில் சிறிய சந்தை, ஆளும் குறைவு. ஃப்ளோரின்-18இன் அரை ஆயுள் சுமார் 110 நிமிடம், கார்பன்-11க்கு வெறும் 20 நிமிடம். அணுவை உண்டாக்கும் சைக்ளோட்ரான், மருந்தாக்கும் ஆய்வுக்கூடம், ஸ்கேனர் மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால்தான் வேலை நடக்கும். அப்படிப்பட்ட இடங்கள் குறைவு, அங்கே பயிற்சி பெற்று வெளியே வருகிறவர்களும் குறைவு.

நோயாளிகள் பக்கம் நிற்பவர்கள். அல்சைமருக்கான லெகனெமாப் மருந்துக்கு அமெரிக்காவில் 2023 ஜூலையில் முழு ஒப்புதல் கிடைத்தது. மூளையில் வீக்கமோ ரத்தக் கசிவோ வருகிறதா என்று பார்க்க, அந்த மருந்து எடுப்பவருக்குக் குறிப்பிட்ட இடைவெளியில் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். அதைத் தானாகக் கண்டறியும் நிரல், வேகமான ஸ்கேன், அபாயத்தை முன்கூட்டிச் சொல்லும் அளவீடு என்று ஒரு மருந்து பல ஆய்வுக் கேள்விகளைப் பெற்றுப் போட்டிருக்கிறது.

## பணம் எங்கே இறங்கியிருக்கிறது என்று பார்ப்பது

கிராண்ட்களின் பட்டியல் ரகசியம் இல்லை. மக்கள் வரிப்பணம் என்பதால் பல நாடுகள் அதைத் தேடக்கூடிய வடிவில் வெளியிடுகின்றன. அமெரிக்காவின் என்ஐஎச்சுக்கு ரிப்போர்ட்டர், ஐரோப்பிய ஒன்றியத்துக்குக் கோர்டிஸ், பிரிட்டனுக்குக் கேட்வே டு ரிசர்ச், ஜெர்மனியின் ஆய்வு அறக்கட்டளைக்குக் கெப்ரிஸ். வேலை தேடுபவர்கள் இவற்றைத் திறப்பதே அபூர்வம் என்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம். வேலைப் பக்கத்தில் ஒரு மணி நேரம் செலவிட்டால் இங்கே மூன்று மணி நேரம் செலவிடலாம்.

ரிப்போர்ட்டரில் மேட்ச்மேக்கர் என்று ஒரு வசதி உண்டு. உங்கள் ஆய்வேட்டின் சுருக்கத்தை அப்படியே ஒட்டினால், அதை ஒத்த, பணம் கிடைத்த திட்டங்களைப் பட்டியலிடும். அந்தப் பட்டியலை இப்படிப் படிக்க வேண்டும்:

1. தொடக்கத் தேதி. கடந்த ஆறு மாதத்துக்குள் தொடங்கிய திட்டமா? அப்படியானால் பட்ஜெட்டில் உள்ள ஆளை இன்னும் எடுக்காமல் இருக்க வாய்ப்பு உண்டு.

2. முடிவுத் தேதி. எட்டு மாதத்தில் முடியும் கிராண்டை நம்பி யாரும் புது ஆள் எடுக்க மாட்டார்கள். எடுத்தால் உங்களுக்குத்தான் ஆபத்து.

3. வகை. ஆர்01 என்பது நான்கைந்து ஆண்டு ஓடும் முழு ஆய்வுத் திட்டம். அதில் போஸ்ட்டாக் இருப்பது சகஜம். ஆர்21 இரண்டு ஆண்டு முன்னோட்டம், பணம் சிறியது. எஃப், கே என்று தொடங்குபவை பெரும்பாலும் தனிநபரின் பயிற்சிக்கு. அவற்றில் உங்களுக்கு இடம் இல்லை. ஒரே விதிவிலக்கு, கே99 கிராண்டின் இரண்டாம் கட்டமான ஆர்00. அதைப் பெற்றவர் இப்போதுதான் சொந்த ஆய்வகம் தொடங்கியிருக்கிறார் என்று அர்த்தம், முதல் போஸ்ட்டாக்கைத் தேடிக்கொண்டிருப்பார்.

4. சுருக்கத்தில் உள்ள இலக்குகள். மூன்று இலக்குகள் இருந்தால், ஆய்வகத்தின் பழைய கட்டுரைகளைப் புரட்டி, எந்த இலக்குக்கான திறமை அங்கே இன்னும் இல்லை என்று பாருங்கள். அந்த இடைவெளிதான் உங்கள் நாற்காலி.

ஐரோப்பாவில் காலண்டரே துப்பு. ஐரோப்பிய ஆய்வு மன்றத்தின் ஸ்டார்ட்டிங் கிராண்ட் ஐந்து ஆண்டுக்கு 15 லட்சம் யூரோ வரை. முடிவுகள் வழக்கமாகச் செப்டம்பர் தொடக்கத்தில் வரும். 20 லட்சம் யூரோ வரையுள்ள கன்சாலிடேட்டர் கிராண்ட் முடிவுகள் ஆண்டுக் கடைசியில். வென்றவர்களின் பெயரும் திட்டத் தலைப்பும் அன்றே வெளியாகிவிடும். அவர்கள் விளம்பரம் எழுதத் தொடங்கும் முன் உங்கள் மின்னஞ்சல் போய்ச் சேர்ந்தால், நீங்கள் நூறு பேரில் ஒருவர் இல்லை.

பழைய வழிகளை விட்டுவிட வேண்டியதில்லை. காந்த ஒத்ததிர்வு ஆய்வாளர் சங்கமான ஐஎஸ்எம்ஆர்எம், ஐரோப்பிய நரம்பியல் கூட்டமைப்பான ஃபென்ஸ், அமெரிக்க நரம்பியல் சங்கம், ஐரோப்பாவின் யூராக்ஸஸ் எல்லாவற்றிலும் வேலைப் பகுதிகள் உண்டு. மாநாட்டில் போஸ்டருக்கு முன் நின்று பத்து நிமிடம் பேசுவது இன்னமும் பலன் தருகிறது.

## ஒரு விளம்பரத்தை வரி வரியாகப் படிப்போம்

எந்த விளம்பரத்திலும் வரும் வழக்கமான வரிகள் சிலவும் அவற்றின் உள்ளர்த்தமும்:

- *"இயற்பியல், உயிர்மருத்துவப் பொறியியல், கணினி அறிவியல், நரம்பியல் அல்லது தொடர்புடைய துறையில் முனைவர் பட்டம்."* இவ்வளவு அகலமாக எழுதியிருந்தால் பெரும்பாலும் உண்மையான தேடல். "பச்சோந்தி மீன்முட்டைப் புழுவின் பின்மூளையில் ஒளித்தாள் நுண்ணோக்கி, மூன்று ஆண்டு அனுபவம்" என்ற அளவுக்குக் குறுகலாக இருந்தால் (மீனை நான் கற்பனையாகச் சொல்கிறேன்) அந்த ஆள் ஏற்கெனவே அடுத்த அறையில் உட்கார்ந்திருக்கிறார்.

- *"இடம் நிரம்பும்வரை விண்ணப்பங்கள் பரிசீலிக்கப்படும்."* வெளியான தேதியைப் பாருங்கள். முதல் இரண்டு வாரத்தில் என்றால் இன்றே அனுப்புங்கள். நான்கு மாதம் ஆகியிருந்தால் ஒரு வரியில் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

- *"ஓராண்டு, நிதியைப் பொறுத்து நீட்டிக்கப்படும்."* நல்ல நிதி உள்ள இடத்திலும் நிர்வாக விதியால் இப்படி எழுதுவார்கள். எது என்று தெரிந்துகொள்ள கிராண்டின் முடிவுத் தேதியைப் பார்த்தால் போதும்.

- *"நோயாளிகளைச் சேர்ப்பதில் அனுபவம் விரும்பத்தக்கது."* வாரத்தில் பாதி நேரம் தொலைபேசியிலும் மருத்துவமனை வராந்தாவிலும் போகும். பிடித்தவர்களுக்குச் சரி. நிரல் எழுத மட்டும் விரும்புகிறவர் யோசிக்க வேண்டும்.

- *"சொந்த ஃபெல்லோஷிப்புக்கு விண்ணப்பிக்க ஊக்குவிக்கப்படுவார்."* சில ஆய்வகத்தில் இது உண்மையான வழிகாட்டல். சில இடத்தில், பணம் ஒரு வருடத்துக்குத்தான் இருக்கிறது என்பதன் மரியாதையான வடிவம்.

## முதல் மின்னஞ்சல்

பி.ஐ.களுக்கு வரும் மின்னஞ்சல்களில் பெரும்பாலானவை இப்படி இருக்கும்: "உங்கள் தலைசிறந்த ஆய்வுகளைப் படித்து வியந்தேன். எம்.ஆர்.ஐ., இயந்திரக் கற்றல், நரம்பியல் ஆகியவற்றில் எனக்கு ஆழ்ந்த ஆர்வம் உண்டு. உங்கள் குழுவில் வாய்ப்பு இருந்தால் தெரிவிக்கவும்." பெயரை மாற்றினால் யாருக்கும் அனுப்பலாம். அதனால்தான் யாரும் பதில் எழுதுவதில்லை.

இதையும் பாருங்கள்: "உங்கள் 7 டெஸ்லா தண்டுவடத் திட்டத்தின் சுருக்கத்தில், மூச்சால் படத்தில் வரும் சிதைவைச் சரிசெய்வது இரண்டாம் இலக்காக இருக்கிறது. என் முனைவர் ஆய்வில் 3 டெஸ்லாவில் இதே சிக்கலுக்குப் பல்ஸெக்கில் ஒரு சீக்வென்ஸ் எழுதினேன். நிரலும் 12 பேரின் தரவும் பொதுவில் உள்ளன, இணைப்பு கீழே. மார்ச்சில் பட்டம் முடிகிறது. இத்திட்டத்தில் போஸ்ட்டாக் இடம் இருக்கிறதா? இல்லையென்றால், செப்டம்பர் மேரி கியூரி விண்ணப்பத்துக்கு உங்கள் ஆய்வகத்தை ஏற்பு நிறுவனமாகக் காட்டலாமா?"

ஐந்தாறு வரிதான். அவர் பணம் வாங்கிய வேலையில் எந்தத் துண்டை நீங்கள் செய்வீர்கள், அதற்கு என்ன ஆதாரம், எப்போது வருவீர்கள் என்பதெல்லாம் தெரிந்துவிடுகிறது. கடைசிக் கேள்வி முக்கியம்: "பணம் இல்லை" என்பதோடு பேச்சு முடியாமல் அடுத்த கதவைத் திறக்கிறது. பத்து நாள் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கு மேல் வேண்டாம்.

## சொந்த ஃபெல்லோஷிப்: விதிகள் தகுதியைவிட முக்கியம்

நல்ல விண்ணப்பம் எழுதி, விதியில் விழுந்தவர்கள் நிறையப் பேர். எல்லாம் தேதிக் கணக்கு. ஆண்டுதோறும் நுணுக்கங்கள் மாறும், ஆகவே அந்த ஆண்டின் அறிவிப்பைக் கட்டாயம் படிக்க வேண்டும். அடிப்படை இது:

1. மேரி கியூரி. போகிற நாட்டில் கடைசித் தேதிக்கு முந்தைய 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் வசித்திருக்கக் கூடாது. முனைவர் பட்டத்துக்குப் பின் 8 ஆண்டுக்கு மேல் ஆய்வு அனுபவம் ஆகியிருக்கவும் கூடாது. "முதலில் ஜெர்மனிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டு, அப்புறம் அங்கிருந்தே எழுதலாம்" என்று நினைத்து ஒன்றரை வருடம் கழித்து எழுதுகிறவர், அதே நாட்டுக்கு விண்ணப்பிக்கும் தகுதியை இழந்திருப்பார்.

2. மனித எல்லை அறிவியல் திட்டம். வேறு நாட்டுக்குப் போக வேண்டும், பழைய வேலையின் தொடர்ச்சியாகவும் இருக்கக் கூடாது. இயற்பியல், கணிதம், பொறியியலிலிருந்து உயிரியலுக்கு வருபவர்களுக்கென்றே ஒரு தனிப் பிரிவு உண்டு. சீக்வென்ஸ் எழுதியவர் எலி மூளைக்குப் போவதென்றால் அவருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி.

3. ஹம்போல்ட். ஜெர்மனியில் ஆய்வு செய்ய ஹம்போல்ட் அறக்கட்டளை தருவது. முனைவர் பட்டம் முடித்து 4 ஆண்டுக்குள். ஆண்டு முழுவதும் எப்போது வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம் என்பது பெரிய வசதி.

4. என்ஐஎச். இங்கே ஒரு பொறி இருக்கிறது. எஃப்32 ஃபெல்லோஷிப்பும் டி32 பயிற்சி இடங்களும் அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்கும் மட்டும். கே99/ஆர்00க்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் போஸ்ட்டாக் அனுபவம் 4 ஆண்டைத் தாண்டியிருக்கக் கூடாது. வெளிநாட்டவருக்கு அமெரிக்காவில் பேராசிரியர் வேலைக்குப் போக இருக்கும் மிக நல்ல பாலம் இது. முதல் தடவை கிடைக்காமல் திருத்தி அனுப்புவது சகஜம் என்பதால், இரண்டாம் ஆண்டு முடிவிலேயே எழுதத் தொடங்க வேண்டும்.

ஜெர்மனியில் இன்னொரு கடிகாரமும் ஓடுகிறது. தற்காலிக ஆய்வு ஒப்பந்தங்களுக்கான சட்டப்படி, முனைவர் பட்டத்துக்குப் பின் பொதுவாக 6 ஆண்டுதான், மருத்துவத்தில் 9. வெளி நிதியில் ஓடும் ஒப்பந்தங்களுக்கு விலக்கு உண்டு.

## நேர்காணலில் நீங்கள் கேட்க வேண்டியவை

வழக்கமாக ஒரு உரை, பி.ஐ.யோடு பேச்சு, ஆய்வக உறுப்பினர்களோடு தனித்தனிச் சந்திப்பு. உரையில் எல்லோரும் முடிவுகளைக் காட்டுவார்கள். உங்கள் வேலை எதில் தவறாகப் போனது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று ஒரு ஸ்லைடு வையுங்கள். தலை அசைந்ததால் வந்த போலித் தொடர்பைக் கண்டுபிடித்த கதை ஒன்று, அழகான மூன்று வண்ணப் படங்களைவிட அதிகம் பேசும்.

நீங்கள் கேட்க வேண்டியவை இந்தத் துறைக்கே உரியவை:

1. ஸ்கேனர் நேரத்துக்கு யார் பணம் கட்டுகிறார்கள்? பெரும்பாலான மையங்களில் மணிக்கணக்கில் கட்டணம். உங்கள் சம்பளம் இருந்து, ஸ்கேன் செய்யப் பணம் இல்லாத போஸ்ட்டாக் வேலை நிஜமாகவே உண்டு. முன்னோட்ட ஸ்கேனுக்கு இலவச நேரம் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

2. அடுத்த இரண்டு ஆண்டில் இயந்திரம் மேம்படுத்தப்படுகிறதா? மேம்படுத்தும்போது பல வாரங்கள் இயந்திரம் நிற்கும். மென்பொருள் பதிப்பு மாறினால் நீங்கள் எழுதிய சீக்வென்ஸை மறுபடி எழுத நேரலாம். ஆய்வின் நடுவே மாறினால் முன்பாதித் தரவும் பின்பாதித் தரவும் ஒத்துப்போகாது.

3. நெறிமுறை அனுமதி கையில் இருக்கிறதா? மனிதரானாலும் விலங்கானாலும் அனுமதிக்கு மாதக்கணக்கில் ஆகும். "விண்ணப்பிக்கப் போகிறோம்" என்றால் உங்கள் முதல் வருடத்தில் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள்.

4. முன்பு இருந்த போஸ்ட்டாக்குகள் இப்போது எங்கே? இதைப் பி.ஐ.யிடம் கேட்டுவிட்டு, அவர்களில் இருவருக்கு நீங்களே எழுதுங்கள். எழுத்தில் பதில் தராமல் "போனில் பேசலாமா" என்று கேட்பவர் சொல்லப்போவதைக் கவனமாகக் கேளுங்கள்.

## விசாவும் தொடங்கும் தேதியும்

வேலை உறுதியான பிறகும் தேதி நழுவுவது பெரும்பாலும் இங்கே. அமெரிக்காவில் போஸ்ட்டாக்குகள் வழக்கமாக வருவது ஜே-1 ஆய்வாளர் விசாவில். அதிகபட்சம் 5 ஆண்டு. அந்தத் திட்டத்தை முடித்துக்கொண்டு கிளம்பினால் 24 மாதம் கழித்துத்தான் மறுபடி அதே வகையில் வர முடியும். ஆகவே நான்கு மாதக் குறுகிய வருகைக்கு இந்த வகையைச் செலவழிக்கக் கூடாது. குறுகிய கால ஆய்வாளர் என்று தனி வகை இருக்கிறது. அரசுப் பணம் பெற்றவர்களுக்கும் திறன் பட்டியலில் (எந்த நாட்டுக்கு எந்தத் திறன் தேவை என்று அமெரிக்க அரசு வைத்திருக்கும் பட்டியல்) உள்ள நாட்டவர்களுக்கும் இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. 2024 டிசம்பரில் புதுப்பிக்கப்பட்ட பட்டியலிலிருந்து இந்தியா உட்படப் பல நாடுகள் நீக்கப்பட்டன. எச்-1பி வேறு கதை: 2025 செப்டம்பரில் வந்த அறிவிப்பு, நாட்டுக்கு வெளியில் இருப்பவர்களுக்கான புதிய மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் வைத்தது. ஜே-1ஐ அது தொடவில்லை. "எந்த விசா?" என்று சம்பளத்துக்கு முன்பே கேட்பதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை.

ஒப்பந்தக் கடிதம் வரும்போது அதில் பெரும்பாலும் இருக்காத ஒன்று, கிளம்பும்போது எதை எடுத்துப் போகலாம் என்பது. ஸ்கேன் செய்யப்பட்டவர்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம் அனுமதித்தால்தான் அவர்களின் தரவு நிறுவனத்தை விட்டு வெளியே போகும். சீக்வென்ஸ் நிரல், தயாரிப்பு நிறுவனத்தின் ரகசிய ஒப்பந்தத்துக்குள் சிக்கியிருக்கலாம். பழைய ஆய்வகத்தின் கேள்வியிலிருந்து கிளைத்த எந்தப் பகுதியை உங்கள் சொந்த ஆய்வகத்துக்குக் கொண்டுபோகலாம் என்பதில் பி.ஐ.க்கும் போஸ்ட்டாக்குக்கும் நடுவே வரும் மனக்கசப்பு இந்தத் துறையில் புதிதல்ல. சேர்வதற்கு முன் நடக்கும் கடைசி அழைப்பில் இதைக் கேட்டுவிட்டு, அன்று மாலையே "இன்று பேசியதில் நான் புரிந்துகொண்டது இது" என்று நான்கு வரி மின்னஞ்சல் அனுப்பி, பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.